சூசி கொடுத்த பதாகம்

பரதத்தில் எந்த அடவானாலும் வலப்பக்கம் செய்ததை இடப்பக்கமும் செய்தாக வேண்டும். வலது காலுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு இடது காலை ஏமாற்ற முடியாது. என் கைகளுக்கு வந்த நோய்க்கும் இந்த விதி தெரிந்திருந்தது. முதலில் வலது கையின் நடுவிரலில் அடிக்கணு வீங்கியது. முஷ்டி பிடித்தால் புறங்கையில் மேடாகத் தெரியுமே, அந்தக் கணு. சில நாட்கள் கழித்து இடது கையில் அதே கணு வீங்கியது. பிறகு வலது ஆள்காட்டி விரல், பின்னாலேயே இடது. விரல்களின் நடுக்கணுக்களும், மணிக்கட்டுகளும் அப்படியே. ஆனால் நகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசிக் கணுக்களை மட்டும் அது தொடவே இல்லை. எந்த விரலிலும் தொடவில்லை. உள்ளே உட்கார்ந்துகொண்டு யார் இதற்குத் தாளம் தட்டுகிறார்கள் என்று நான் திகைத்துப் போனேன். வலித்தது, பயந்தேன், அழுதேன், எல்லாம் உண்மை. ஆனாலும் அந்த ஒழுங்கைப் பார்த்து ஏற்பட்ட ஆச்சரியம் ஒருநாளும் என்னை விட்டுப் போகவில்லை.

அப்போது எனக்கு முப்பதைத் தாண்டிச் சில வருஷங்கள். எழுபதுகளின் நடுவில் கல்கத்தாவில், டாக்குரியாவில் குடியிருந்தோம். கணவருக்கு ரயில்வேயில் வேலை, ஹவுராவுக்கு அந்தப் பக்கம் சாந்த்ராகாச்சி யார்டில். கேட்டால் அங்கேயே குவார்ட்டர்ஸ் கொடுப்பார்கள். அவர் கேட்கவில்லை. காரணம் என் நடன வகுப்பு. நாங்கள் மாடியில் இருந்தோம். கீழே இருந்த கூடத்தை வீட்டுக்கார அம்மாள் மாலை வேளைகளில் எனக்கு விட்டுக்கொடுத்திருந்தார். தெருவே அவரை மாஷிமா என்றுதான் கூப்பிடும். வகுப்பில் பாதி வங்காளிப் பெண்கள், பாதி லேக் என்கிற ஏரிப் பக்கத்துத் தமிழ்க் குழந்தைகள். எல்லோருக்கும் நான் தீதிமணி. தமிழ்க் குழந்தைகளும் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. நான் சென்னையில் கற்றுக்கொண்டு வந்ததை யார்டு சந்தடிக்கு நடுவே மூட்டை கட்டி வைக்கக் கூடாது என்று நினைத்து, என் கணவர் தினமும் பஸ்ஸிலும் லோக்கல் ரயிலிலும் நசுங்கிக்கொண்டு போய்வந்தார். வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை.

காலைகள்தான் விசித்திரமாக இருந்தன. கஞ்சி போட்டுக் காயவைத்த புடவை மாதிரி விரல்கள் விறைத்துக் கிடக்கும். குழாயைத் திருக முடியாது. தீக்குச்சியைப் பிடிக்க முடியாது. பின்னலை அவிழ்க்க முடியாது. எழுந்ததும் கையைச் சுடுதண்ணீரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கணு சூடாக, மெத்தென்று, அமுக்கினால் அமுங்கும். பத்து மணி வாக்கில் அது தானாகவே இளகத் தொடங்கும். யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம். பதினொன்றுக்கு மேல் என் கை ஓரளவு எனக்குக் கிடைக்கும். அதற்குள் சமையல் எப்படி ஆகும்? என் கணவர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அடுப்பைப் பற்றவைத்து, வீட்டில் இருக்கிற எல்லா டப்பா மூடிகளையும் தளர்த்தி வைத்துவிட்டுப் போவார். ஒருநாளும் இதைப் பற்றிப் பேசியதில்லை. ஒருமுறை பெருங்காய டப்பாவை மட்டும் மறந்துவிட்டார். அன்று முழுக்க அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

வைத்தியம் சொல்லாதவர்கள் இல்லை. மாஷிமா கடுகெண்ணெயில் பூண்டைக் காய்ச்சிக் கொண்டுவந்து தேய்த்துவிட்டார். ஏகாதசியிலும் பௌர்ணமியிலும் வலி ஏறும், அந்த நாட்களில் சோறு சாப்பிடாதே என்றார். லேக் பக்கத்துத் தமிழ் மாமிகள் உருளைக்கிழங்கை நிறுத்தச் சொன்னார்கள். கல்கத்தாவில் உருளைக்கிழங்கை நிறுத்துவதைவிட மூச்சை நிறுத்துவது சுலபம். ஊரிலிருந்து என் அம்மா முடக்கத்தான் கீரை தோசை வார்த்துச் சாப்பிடச் சொல்லி எழுதியிருந்தாள். இங்கே முடக்கத்தானுக்கு எங்கே போவது என்று நான் அலுத்துக்கொண்டேன். மறுநாள் சாயங்காலம் என் கணவர் செய்தித்தாளில் ஒரு பொதி சுற்றிக்கொண்டு வந்தார். சாந்த்ராகாச்சி யார்டின் வேலி நெடுக அது படர்ந்து கிடக்கிறதாம். கூட வேலை செய்கிறவர்கள், பாபு மாடு வாங்கிவிட்டாரா என்று கேட்டார்களாம். தோசை மிக நன்றாக இருந்தது. கணுக்கள் அப்படியே இருந்தன.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முடக்குவாதம் என்றார் டாக்டர். உடம்பைக் காக்க வேண்டிய காவல்படையே மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது என்றும், ஏன் என்று யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். அவ்வளவு படித்தவர் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆஸ்பிரின் மாத்திரைகளை வேளைக்கு நாலைந்தாக விழுங்கச் சொன்னார். விழுங்கினால் காதுக்குள் சுருதிப்பெட்டி ஒன்று ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதற்கு எந்தக் கட்டை என்று பார்க்கக்கூட நான் முயன்றிருக்கிறேன். பிறகு தங்க ஊசி போட்டார்கள். நிஜமாகவே தங்கம்தான், மருந்தாகக் கரைத்தது. ஒவ்வொரு முறையும் சிறுநீரைச் சோதித்த பிறகே இடுப்பில் குத்துவார்கள். "கழுத்துல ஏறல, இடுப்புலயாவது ஏறட்டும்" என்றார் என் கணவர். நர்ஸ் என்ன என்று கேட்க, அவர் அதை வங்காளத்தில் விளக்கப் பார்த்து மாட்டிக்கொண்டார்.

வகுப்பை மட்டும் நிறுத்தவில்லை. தாளம் தட்டுகிற தட்டுக்கழியை இடது கைக்கு மாற்றினேன். அது வீங்கினால் வலதுக்கு மாற்றினேன். வகுப்பு மாலையில் என்பதால் அந்த நேரத்துக்குக் கை என் சொல்லைக் கேட்டது. கேட்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மழைக்கால மாலை. வழக்கம்போலக் கரண்ட் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பெண்களை வரிசையாக நிறுத்தி, எல்லோரும் பதாகம் பிடியுங்கள் என்றேன். பதாகம் என்றால் கொடி. நான்கு விரல்களும் ஒட்டி நேராக நிற்க வேண்டும், கட்டைவிரல் மடங்கி ஓரத்தில் சேர வேண்டும். எல்லா முத்திரைகளுக்கும் முதல் முத்திரை. அத்தனை கைகளும் உயர்ந்தன. ஒரு கைகூட நேராக இல்லை. எல்லா விரல்களும் அடிக்கணுவில் திரும்பி, சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன. காற்றில் நாணல் சாயுமே, அப்படி. வெளிச்சம் போதவில்லையோ என்று கிட்டே போனேன். ஒரு பெண்ணின் விரல்களைப் பிடித்து நேராக்கினேன். விட்டதும் அவை பழையபடி சாய்ந்தன. அவள் குழப்பத்தோடு என் கையைப் பார்த்துவிட்டு, தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"எய்ரொகொமி தோ, தீதிமணி?" என்றாள். இப்படித்தானே என்று அர்த்தம்.

நான் என் கையைத் தூக்கிப் பார்த்தேன். தினமும் பார்க்கிற கைதான். ஆனால் அன்றுதான் அதைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். நாலு விரலும் சாய்ந்திருந்தன. நடுவிரலின் நடுக்கணு கொஞ்சம் பின்னால் வளைந்து, அதன் நுனி மட்டும் கீழே குனிந்திருந்தது. அந்தக் குனிவைக்கூட அந்தப் பெண்கள் விடவில்லை. கெட்டிக்காரப் பெண்கள் அதையும் கொண்டுவந்திருந்தார்கள். மெல்ல மெல்ல, எனக்கே தெரியாமல் என் எலும்பில் நடந்த காரியத்தை இவர்கள் கண்ணாலேயே எடுத்துத் தங்கள் நல்ல கைகளில் போட்டுக்கொண்டுவிட்டார்கள். என் நோய் வரிசையாக நின்று என்னைப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அன்று பெண்ணை அழைத்துப் போக வந்த ஒரு தாயாரிடம், வீட்டில் குழந்தையின் விரல்களை நேராக்கப் பழக்குங்கள் என்றேன். அவர் வியந்து போனார். நேராக வைத்துக்கொண்டிருந்த பெண்ணை அவர்தான் வீட்டில் உட்காரவைத்துச் சாயும்படி திருத்தியிருக்கிறார். "நான் மெட்ராஸ் ஸ்டைல்னு நெனச்சேன், தீதி" என்று வங்காளத்தில் சொன்னார். மணிப்புரி ஆடிய வீட்டிலிருந்து வந்தவர். தெற்கத்தி நாட்டியத்தில் விரல் இப்படித்தான் அழகாகச் சாயும் போலிருக்கிறது என்று அக்கம்பக்கத்துத் தாய்மார்களுக்கும் அவரே எடுத்துச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் என் கையைப் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். சுவரில் உள்ளங்கையைப் பதித்து நேராக்கிக்கொண்டு, அப்படியே எடுத்து நெஞ்சுக்கு நேரே கொண்டுவர வேண்டும். மாஷிமாவின் சுண்ணாம்புச் சுவர் முழுக்கக் கை அடையாளம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் சுண்டுவிரல் விழுந்தது. வலது கை. தலையைப் பின்னிக்கொண்டிருந்தேன். வலியில்லை, சத்தமில்லை. விரல் அடிக்கணுவிலிருந்து தொங்கியது, அவ்வளவுதான். இடது கையால் தூக்கி நிறுத்தினால் நிற்கவில்லை. விட்டதும் விழுந்தது. சுண்டுவிரல் மட்டும் மடங்கிய முத்திரை நான் படித்த சாஸ்திரத்தில் இல்லை. சில நாட்களில் பக்கத்து மோதிர விரலும் அதே மாதிரி விழுந்தது. இப்போது அதற்குப் பெயர் இருந்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கினால் அர்த்தபதாகம். இலையையும், பலகையையும், ஆற்றங்கரையையும் காட்டுகிற முத்திரை. நோய் கொஞ்சம் தடுமாறிவிட்டுத் தானே சாஸ்திரத்துக்குள் வந்துவிட்டதே என்று நான் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் என் கொடி இறங்கிவிட்டது. எதைப் பிடித்தாலும் அர்த்தபதாகமாகவே வந்தது. கையைக் காட்டாமல் எத்தனை நாள் நாட்டியம் சொல்லிக்கொடுப்பது? முதல் முத்திரையே பிடிக்க வராதவளிடம் யார் பெண்ணை அனுப்புவார்கள்?

கை ஆபரேஷன் செய்கிற சர்ஜன் ஒருவரிடம் அனுப்பினார்கள். வங்காளி. சில வருஷங்கள் தெற்கே இருந்து, குஷ்டத்தால் முடங்கிய கைகளைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டவர். அந்த ஊரிலிருந்து இரண்டு தமிழ் வார்த்தைகளை மட்டும் கொண்டுவந்திருந்தார். "நீட்டுங்க. மடக்குங்க." என்னைக் கண்டதும் ஆசையாக அவற்றை எடுத்துவிட்டார். மற்றதெல்லாம் வங்காளமும் ஆங்கிலமும்.

விரலை ஆட்டுகிற தசை விரலில் இல்லை என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. என் முழங்கைக்குக் கீழே முன்கையின் மேல்பக்கத்தைத் தொட்டு, நடுவிரலை ஆட்டச் சொன்னார். தோலுக்கடியில் அங்கே ஏதோ ஓடியது. விரலை நீட்டும் தசை அங்கே இருக்கிறது. அங்கிருந்து கயிறு மாதிரி தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி ஒவ்வொரு விரலுக்கும் போகின்றன. சிறுவயதிலிருந்து விரலைப் பார்த்தே காலம் கழித்தவள் நான். விரலுக்கு வேண்டிய உயிர் இத்தனை தூரத்திலிருந்து வருகிறது என்று எந்தக் குருவும் எனக்குச் சொன்னதில்லை. பிறகு எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டினார். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் முனை அரிக்கப்பட்டு ரம்பம் மாதிரி ஆகியிருந்தது. கிணற்றுக் கயிறு கல்லில் உரசிப் பிரிபிரியாக அறுவது போல, அந்த முனையில் உரசி உரசி நாண்கள் அறுந்துவிட்டன. முதலில் கடைசி விரலுடையது, பிறகு அடுத்தது. விட்டுவைத்தால் அதற்கடுத்ததும் போகும்.

அறுந்ததை முடிச்சுப் போட முடியாதா என்று கேட்டேன். முனைகள் நைந்துபோயிருக்கும், பிடிக்காது என்றார். வேறொரு நாணைக் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும்.

"எங்கேயிருந்து?"

அவர் என் ஆள்காட்டி விரலைத் தொட்டார். விரல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தசையிலிருந்து நாண்கள் வருகின்றன. ஆள்காட்டி விரலுக்கு மட்டும் அது போதாதென்று தனியாக இன்னொன்றும் உண்டு. சுண்டுவிரலுக்கும் உண்டுதான், ஆனால் என் சுண்டுவிரலில் இரண்டுமே அறுந்துவிட்டன. ஆள்காட்டி விரலுக்குச் சொந்தமான அந்த நாணை அவிழ்த்து, மணிக்கட்டைக் கடத்தி, விழுந்த இரண்டு விரல்களுக்கும் கட்டிவிடலாம். உடம்பு ஒரு விரலுக்கு இரண்டு கயிறு வைத்து அனுப்பியிருக்கிறது என்றதும் எனக்குக் கண் விரிந்துவிட்டது. அவருக்கும் விரிந்திருந்தது. எத்தனையோ கைகளைத் திறந்தவர், அப்படிப் பேசினார்.

"அப்போ அந்த விரலுக்கு நஷ்டமே இல்லையா?"

அவர் முஷ்டி பிடித்துக்கொண்டு அந்த விரலை மட்டும் நீட்டச் சொன்னார். நீட்டினேன். அது சூசி முத்திரை. ஒன்று என்று காட்ட, சூரியனைக் காட்ட, உலகம் என்று சொல்ல, யார் அது என்று கேட்க, குழந்தைக் கண்ணனை மிரட்ட, எல்லாவற்றுக்கும் சூசிதான். மற்ற விரல்கள் மடங்கியிருக்க இது மட்டும் நிமிர்வதற்குத்தான் அந்தத் தனி நாண் என்றார் டாக்டர். அதை எடுத்துவிட்டால் மற்ற விரல்களோடு சேர்ந்து இது நீளும். தனியாக நீளுமா என்று சொல்ல முடியாது. சிலருக்கு நீளும். உங்கள் கை இருக்கிற நிலையில் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார்.

பதாகம் வேண்டுமா, சூசி வேண்டுமா? வீட்டுக்கு வந்து அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். சூசியில்லாமல் அபிநயப் பதம் ஒன்று ஆடிப் பார்த்தேன். என்னைப் பிடித்த நோய் என் நாட்டியத்துக்கும் என்னிடமே கணக்குக் கேட்டது போலிருந்தது. என் கணவர் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆள்காட்டற வேலய விட்டுடேன்" என்றார். "கல்யாணம் ஆனதுலேருந்து என்னப் பார்த்து எத்தன தடவ நீட்டியிருப்ப. எனக்கும் கொஞ்சம் நிம்மதி."

"வாயால திட்டிக்கறேன்" என்றேன். அப்படித்தான் முடிவாயிற்று.

ஆபரேஷனுக்குத் தோள்பட்டைக்குப் பக்கத்தில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கவைத்தார்கள். மறைப்புத் துணிக்கு இந்தப் பக்கம் நான் விழித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஒரு மேசைமேல் என் கை கிடந்தது, அவர்கள் அதைத் திறந்துகொண்டிருந்தார்கள். எனக்கோ அந்தக் கை என் மார்புக்கு மேலே கொஞ்சம் மடங்கி மிதந்துகொண்டிருப்பதாகத் தெளிவாகத் தெரிந்தது. சத்தியம் செய்திருப்பேன். குனிந்து பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. அப்படியானால் இத்தனை வருஷமாக நான் ஆடியது எந்தக் கையை வைத்து? மேசைமேல் கிடப்பதையா, உள்ளே மிதப்பதையா? இதை நர்ஸிடம் கேட்டேன். பேசாமல் படுங்கள் என்றார்.

மாவுக்கட்டைப் பிரித்த நாளில் கை மெலிந்து, தோல் உரிந்து, யாருடையதோ போல இருந்தது. டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். என் கணவர் கதவோரம் நின்றார்.

"ரிங் ஃபிங்கர், நீட்டுங்க" என்றார் டாக்டர்.

நீட்டப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. முயன்றேன், நெற்றி வியர்த்தது, பல்லைக் கடித்தேன். விரல் விழுந்தபடியே கிடந்தது. போச்சு என்று நினைத்தேன். சூசியும் போச்சு, பதாகமும் போச்சு. என் கணவரைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

டாக்டர் அவசரப்படவில்லை. என் ஆள்காட்டி விரலை லேசாகத் தொட்டார். "நவ் திஸ், நீட்டுங்க."

அதைத்தானே எடுத்துவிட்டீர்கள் என்று மனதுக்குள் எரிச்சலோடு சூசி பிடிக்க நினைத்தேன். மோதிர விரலும் சுண்டுவிரலும் எழுந்தன. நடுங்கிக்கொண்டு, மெல்ல, சேர்ந்தே எழுந்தன. நினைப்பை விட்டேன், விழுந்தன. மறுபடி சூசி என்று நினைத்தேன், எழுந்தன. நான் ஒன்று நினைக்க இன்னொன்று நடந்தது. முன்கையில் இருந்த அந்தத் தசைக்குத் தன் கயிற்றை வேறிடத்தில் கட்டியிருப்பது தெரியாது. தான் இன்னும் ஆள்காட்டி விரலைத்தான் இழுக்கிறோம் என்று நம்பிக்கொண்டு, அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. நான் வாய்விட்டு அழுதேன். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அந்த அறையில் மூன்று பேரும் ஒரு மோதிர விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் நாட்டியம் அத்தோடு திருப்திப்படாது. பதாகம் பிடிக்க வேண்டுமென்றால் நான் முதலில் சூசியை நினைக்க வேண்டும். நினைத்து, அது போய்ச் சேர்ந்து, விரல் எழுவதற்குள் தாளம் தாண்டிவிடும். மெதுவான முதல் காலத்தில் எப்படியோ சமாளித்தேன். வேகம் இரட்டிக்கும் இரண்டாம் காலத்தில் கை அரைத் தட்டு பின்னால் வந்தது. மூன்றாம் காலத்தைப் பற்றிப் பேச வேண்டாம். "தை யும் தத் தா" என்று வாய் சொல்லும், கால் சரியாகத் தட்டும், கை மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பெண் மாதிரி தாமதமாகப் பதில் சொல்லும். பழகப் பழகச் சரியாகும் என்றார் டாக்டர். மாதக்கணக்கில் பழகினேன். பெண்கள் பொறுமையாக இருந்தார்கள். அந்தப் பொறுமைதான் எனக்குத் தாங்கவில்லை. நான் பின்தங்குவது தெரியாமலிருக்க, சட்டத்தை மீறி என் கையைப் பார்த்து, அது வரும்வரை தங்கள் கையை நிறுத்திவைக்கத் தொடங்கினார்கள்.

துர்கா பூஜை விடுமுறை வந்தது. பந்தல்களில் தாக்கு மேளம் முழங்கும்போதெல்லாம் என் முன்கையில் அந்தத் தசை துடித்துக்கொண்டிருந்தது. தசமியன்று இரவு சாப்பிடும்போது, குவார்ட்டர்ஸுக்கு எழுதிப்போடுங்கள் என்று என் கணவரிடம் சொன்னேன்.

"எனக்காக வேணாம்" என்றார். "நான் பழகிட்டேன்."

"உங்களுக்காக இல்ல. தாளம் தப்பி நான் சொல்லிக்கொடுக்கக் கூடாது."

அவர் எழுதிப்போட்டார். கொஞ்ச நாளில் வீடு கிடைத்தது. ஒரு வேலைநாளில் மத்தியானமாக வந்து பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டால் போதும், அடுத்த மாதம் குடிபோகலாம் என்றார். பெண்களிடம் இன்னும் சொல்லவில்லை, மாஷிமாவிடம் மட்டும் சொன்னேன். அவர் லக்ஷ்மி பூஜைக்கு உருட்டிய தேங்காய் உருண்டைகளை ஒரு பொட்டலமாகக் கட்டி, உன் கணவனுக்குக் கொடு என்றார். கை அடையாளம் பதிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டைப் பார்க்கக் கிளம்பி, டாக்குரியா ஸ்டாப்பில் நின்றேன். நல்ல வெயில். இடது கையில் பொட்டலம். மனதுக்குள் புது வீட்டில் கூடம் எத்தனை பெரிதாக இருக்கும் என்று ஓடிக்கொண்டிருந்தது. கூடம் பெரிதாக இருந்து இனிமேல் என்ன என்றும் ஓடியது. ஹவுரா பஸ் வந்தது. நிற்காமல் போய்விடுகிற வேகம். கையைக் காட்டினேன். பஸ் கிரீச்சென்று நின்றது. கண்டக்டர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, ஹவுரா ஹவுரா என்று கத்தினார்.

என் வலது கை இன்னும் மேலேதான் இருந்தது. அண்ணாந்து அதைப் பார்த்தேன். கணுக்கள் பழையபடி வீங்கித்தான் இருந்தன, விரல்கள் பழையபடி சாய்ந்துதான் இருந்தன. ஆனால் நான்கும் நிமிர்ந்து, ஒட்டி நின்றன. கட்டைவிரல் மடங்கி ஓரத்தில் சேர்ந்திருந்தது. நான் சூசியை நினைக்கவில்லை. விரலையே நினைக்கவில்லை. பஸ் போய்விடப் போகிறதே என்று மட்டும்தான் நினைத்தேன். என்னைக் கேட்காமல், எனக்குச் சொல்லாமல், உள்ளே எங்கேயோ எது எதற்குக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை யாரோ படித்து முடித்துவிட்டார்கள். கை தாளத்தில் வந்திருந்தது. ஏற வேண்டும் என்பதே மறந்து, கையைப் பார்த்தபடி நின்றேன்.

பஸ்ஸுக்குள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"உட்பேன் நா தோ ஹாத் தேகாலேன் கேனோ, தீதி?" என்றார் கண்டக்டர். ஏறப்போவதில்லை என்றால் எதற்குக் கையைக் காட்டினீர்கள் என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நான் கையை இறக்கிக்கொண்டேன். அவர் பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார், பஸ் என்னை விட்டுவிட்டு ஹவுராவுக்குப் போயிற்று. வீட்டைப் பார்க்க நான் போகப்போவதில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நடந்ததை நம்ப மனம் வரவில்லை. அந்த வெயிலில் நின்று இன்னொரு முறை கையை உயர்த்திப் பார்த்தேன். பின்னால் வந்த மினிபஸ்ஸும் நின்றது.